குதிரை நடந்த வழி: பக்தாத், காஷ்மீர், ஹமில்டன்

சில வருடங்களுக்கு முன்னர் மீலாத் தினப் பேச்சுப் போட்டிக்காக மாணவன் ஒருவனுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தேன். விஞ்ஞானத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு என்பது தலைப்பு. இப்னு சீனா, அல் குவாரிஸ்மி, இப்னு ஹைதம் என்று எல்லாரும் சொல்லும் பெயர்களையே நாமும் சொல்ல வேண்டுமா, புதிதாக ஒன்று இருக்கட்டுமே என்று ஒரு பந்தியைச் சேர்த்தேன். இன்று கணித உலகம் ஹமில்டன் பாதை என்று அழைப்பதை, ஹமில்டனுக்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்பே பக்தாதில் அல் அத்லீ கண்டுபிடித்துவிட்டார், உலகிலேயே முதன்முதலில் அதைக் கண்டவர் ஒரு முஸ்லிம் என்பதே அந்தப் பந்தி. பையன் நன்றாகப் பேசினான். அந்த இடத்துக்குத்தான் கைதட்டல் கூடக் கிடைத்தது. பரிசும் கிடைத்தது.

நிகழ்ச்சிக்கு அழைப்பின் பேரில் வந்திருந்த பக்கத்து ஊர்த் தமிழாசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர், தேநீர் நேரத்தில் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, பேச்சு நல்லா இருந்திச்சு. ஒண்டு மட்டும் கேக்கன். ருத்ரடரைத் தெரியுமா?"

"தெரியாது மாஸ்டர்."

"வேதாந்த தேசிகரை?"

"பேர் தெரியும்."

"அப்ப ஒருக்காப் பாருங்க. குதிரை அங்கயும் நடந்திருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன் நான். சித்திரகவி எனது பாடத்தில் இருந்தது. பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டங்களுக்கும் நான் மேடையில் முழங்க வைத்த பந்திக்கும் தொடர்பு உண்டு என்று ஒருநாளும் தோன்றவில்லை. அந்த வெட்கத்தில் தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி என்ன?

முதலில் கேள்வியைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். தாளில் சில புள்ளிகளை இடுங்கள். அவற்றில் சிலவற்றைக் கோடுகளால் இணையுங்கள். ஏதாவது ஒரு புள்ளியில் தொடங்கி, கோடுகளின் வழியே மட்டும் சென்று, எல்லாப் புள்ளிகளையும் ஒவ்வொரு தடவை மட்டும் தொட்டு முடிக்க இயலுமா? ஒரு புள்ளியும் விடுபடக் கூடாது. எந்தப் புள்ளியையும் இரண்டாம் முறை மிதிக்கக் கூடாது. இப்படிப்பட்ட வழியைத்தான் ஹமில்டன் பாதை என்கிறார்கள். கடைசிப் புள்ளியிலிருந்து தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வர ஒரு கோடு இருந்தால் அது ஹமில்டன் சுற்று.

நமது வாவிக் கரையில் வைத்துப் பார்ப்போம். மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தால் எழுவான்கரைக்கு வந்து, காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி, மண்முனையில் வாவியைக் கடந்தால் படுவான்கரை. அங்கே கொக்கட்டிச்சோலை. அங்கிருந்து வடக்கே வவுணதீவு. பிறகு வலையிறவுப் பாலத்தால் மீண்டும் நகரம். ஒவ்வோர் ஊரையும் ஒரு முறை மட்டும் தொட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் அந்த இடத்தில் வாகனங்களை ஏற்றிக் கடத்தும் 'பாதை'தான் ஓடியது. இந்தியத் தமிழருக்குப் பாதை என்றால் வழி. நமக்கு அது தண்ணீரில் மிதந்து போவதும்தான். பாதை ஓடாத நாளில் வண்டிக்காரனின் சுற்று அறுந்துவிடும். கொக்கட்டிச்சோலைக்குப் போனவன் வந்த வழியே வவுணதீவு ஊடாகத் திரும்ப வேண்டும். புள்ளிகள் அப்படியே இருக்கும். ஒரு கோடு போனால் சுற்றும் போய்விடும்.

இதே கேள்வியின் மிகப் பழைய வடிவம் சதுரங்கப் பலகையில் கிடைக்கிறது. 64 கட்டங்களும் 64 புள்ளிகள். குதிரை ஒரே தாவலில் போகக்கூடிய இரு கட்டங்களுக்கு இடையே ஒரு கோடு. இரண்டு கட்டம் நேரே, ஒரு கட்டம் பக்கவாட்டில் என்ற அந்தத் தாவலால் குதிரை பலகை முழுவதையும், எந்தக் கட்டத்தையும் இரு முறை மிதிக்காமல், நடந்து முடிக்குமா?

பக்தாதில்

அல் அத்லீ அர் ரூமீ ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், அப்பாசியர் அவையில் பெயர் பெற்ற சதுரங்க வல்லுநர். ரூமீ என்ற அடைமொழி அவருடைய வேர் பைசாந்திய நிலப்பக்கம் என்பதைக் காட்டுகிறது. கலீபா அல் முதவக்கிலின் (847–861) முன்னிலையில் நடந்த ஆட்டத்தில் அவர் அர் ராஸீ என்பவரிடம் தோற்றார். ஆனாலும் சதுரங்கத்தைப் பற்றி அவர் எழுதிய 'கிதாபுஷ் ஷத்ரஞ்ச்' பின்வந்தவர்களுக்கு அடிப்படையாயிற்று. அடுத்த நூற்றாண்டில் அஸ் ஸூலீ அதே பெயரில் இன்னொரு நூல் எழுதினார். அத்லீயின் மூல நூல் அப்படியே நம் கைக்கு வரவில்லை. இருவரின் நூல்களிலிருந்தும் திரட்டி 1140இல் பிரதி செய்யப்பட்ட சுவடி ஒன்று இஸ்தான்பூலில் உண்டு. இப்படியான அரபுச் சுவடிகளின் வழியாகத்தான் குதிரைச் சுற்றுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று அத்லீயின் பெயரிலும் இன்னொன்று அலீ இப்னு மானீ என்பவரின் பெயரிலும் வழங்குகிறது. ஆங்கிலேயரான முரே இந்தச் சுவடிகளைப் படிப்பதற்காகவே அரபு கற்று, 1913இல் சதுரங்க வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்டார்.

ஒரு விசயம் கவனிக்கத் தக்கது. அக்காலச் சதுரங்கத்தில் மந்திரி ஒரு கட்டம் மட்டுமே குறுக்காக நகரும். யானை குறுக்காக இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். அவையெல்லாம் பின்னர் ஐரோப்பாவில் மாறிவிட்டன. குதிரையின் நடை மட்டும் மாறவில்லை. ஆகவே ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முந்திய ஒரு குதிரைச் சுற்றை, ஒரு திருத்தமும் இல்லாமல், இன்று நமது பிள்ளைகள் கொப்பியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

இந்த இடத்தில் ஒரு தந்தையின் ஞாபகம் வருகிறது. ரிலீஃப் பாடவேளை ஒன்றில் பிள்ளைகளுக்குக் கட்டம் கீறிக் குதிரையை நடக்க விட்டேன். அடுத்த நாள் அவர் வந்து, "என்ன சேர், வகுப்பில செஸ் படிப்பிக்கிறீங்களாம்? அது ஹராம் இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சதுரங்கத்தைப் பற்றி நமது இமாம்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. மற்ற மத்ஹப்களில் கண்டிப்பு அதிகம். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், சூது கலக்காமலும் தொழுகையைத் தவறவிடாமலும் இருந்தால் அது மக்ரூஹ் என்ற அளவில் நிற்கிறது. தாபிஈன்களில் ஒருவரான ஸஈத் இப்னு ஜுபைர் பலகைக்கு முதுகைக் காட்டி அமர்ந்தே ஆடுவார் என்ற குறிப்பும் உண்டு. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நான் ஆட்டம் படிப்பிக்கல்ல வாப்பா. எதிரியும் இல்ல, வெற்றி தோல்வியும் இல்ல. ஒரு குதிரை, 64 கட்டம், ஒரு கணக்கு. அவ்வளவுதான்" என்றேன். கொப்பியை வாங்கிப் பார்த்தவர் சிறிது நேரம் விரலால் கட்டங்களை எண்ணிக்கொண்டு நின்றார்.

காஷ்மீரிலும் திருவரங்கத்திலும்

இனி மாஸ்டர் கேட்ட கேள்வி. ருத்ரடர் காஷ்மீரத்தைச் சேர்ந்த வடமொழி அணியிலக்கண ஆசிரியர். அவரும் ஒன்பதாம் நூற்றாண்டு. அவருடைய 'காவ்யாலங்காரம்' என்னும் நூலின் ஐந்தாம் அத்தியாயம் சித்திரகவியைப் பற்றியது. அதில் குதிரையடி என்று பொருள்படும் துரகபத வகைச் செய்யுள் ஒன்றைத் தருகிறார். துரகம் என்றால் குதிரை. தேர், கரி, பரி, காலாள் என்ற நால்வகைப் படைதான் சதுரங்கம். அந்த நான்கில் ஒன்றான பரியே இது.

செய்யுள் நான்கு அடி, அடிக்கு எட்டு அசை. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் நாலெட்டு முப்பத்திரண்டு கட்டம். சரியாக அரைப் பலகை. அதை வழக்கம்போல் இடமிருந்து வலமாகவும் வாசிக்கலாம். முதற் கட்டத்தில் குதிரையை நிறுத்தி, அது தாவித் தாவிச் செல்லும் ஒழுங்கில் எழுத்துகளைக் கூட்டியும் வாசிக்கலாம். இரண்டு விதத்திலும் வருவது அதே செய்யுள். இப்படி அமைய வேண்டுமானால் ஒரே அசை பல கட்டங்களில் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். எனவே ருத்ரடருக்கு மிகச் சில எழுத்துகளைத்தான் கையாள முடிந்தது. பாட்டின் சுவை குறைவுதான். ஆனால் அந்தப் பாட்டு எழுதப்படுவதற்கு முன்னரே முப்பத்திரண்டு கட்டத்திலும் குதிரையை நடத்தும் வழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹமில்டன் பாதை ஒன்று பாட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாசம்' குதிரைச் சுற்றைப் பேசுகிறது. பிறகு நமது மொழி நிலத்துக்கு வருகிறோம். காஞ்சிபுரத்தில் தூப்புல் என்னும் இடத்தில் பிறந்த வேதாந்த தேசிகர் (1268–1369) தமிழிலும் வடமொழியிலும் பாடியவர். திருவரங்கத்துப் பெருமாளின் பாதுகையைப் பற்றி 1008 சுலோகங்களில் 'பாதுகா சகஸ்ரம்' பாடினார். அதில் சித்திரகவிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அங்கே ஒரு சுலோகத்தை நாலெட்டுக் கட்டத்தில் எழுதிக் குதிரையின் நடையில் வாசித்தால், அதற்கு அடுத்த சுலோகம் கிடைக்கிறது. ருத்ரடரிடம் இரு வாசிப்பிலும் ஒரே பாட்டு. தேசிகரிடம் இரு வாசிப்புக்கு இரண்டு வெவ்வேறு பாட்டு, இரண்டுக்கும் பொருள் உண்டு. வழி அதே வகைதான், பாட்டு வளர்ந்திருக்கிறது.

தமிழ் இலக்கணத்திலும் இதற்கு உறவு உண்டு. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் சுழிகுளம் என்பது எட்டெழுத்து அடி நான்கால் ஆனது. நேராக வாசித்தாலும், வெளியிலிருந்து உள்ளே சுழன்று வாசித்தாலும் அதே பாட்டுத்தான். சருப்பதோபத்திரத்தில் நான்கு அடிகளையும் மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை எழுதி 64 கட்டங்களை நிரப்ப வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து வாசித்தாலும் பாட்டு மாறாது. சுழிகுளத்தில் கண் நடக்கும் வழி ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு முறை மட்டுமே தொடுகிறது. குதிரைக்குப் பதிலாக அங்கே வாசகன் நடக்கிறான்.

இந்த மரபு நமது புலவர்களுக்கும் அந்நியமல்ல. கண்டியில் வாழ்ந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் (1866–1918) பாடிய நூல்களில் 'சித்திரக்கவிப் புஞ்சம்' என்பதும் ஒன்று. ஈழத்து முஸ்லிம் புலவர் ஒருவர் எழுத்துகளைக் கட்டத்தில் நிறுத்தி விளையாடியபோது, அவர் அறிந்தோ அறியாமலோ, பக்தாதின் பலகைக்கும் காஷ்மீரின் ஏட்டுக்கும் நடுவில்தான் நின்றார்.

யார் முதல்?

அப்படியானால் எனது பேச்சில் 'உலகிலேயே முதன்முதலில்' என்று எழுதியது என்ன ஆகிறது? அத்லீயும் ருத்ரடரும் ஒரே நூற்றாண்டினர். அவர்களுள் ஒருவரை முன்னே வைக்க நம்மிடம் சான்று கிடையாது. இருவருக்கும் நடுவே போன வழியை மட்டும் திட்டமாகச் சொல்லலாம். சதுரங்கம் என்ற சொல் பாரசீகத்தில் சத்ரங் ஆகி, அரபில் ஷத்ரஞ்ச் ஆயிற்று. சொல் போன வழியில்தான் ஆட்டமும் போனது. பழைய அரபு எழுத்தாளர்கள் இதை மறைக்கவே இல்லை. இந்தியாவிலிருந்து உலகத்துக்குக் கிடைத்தவை மூன்று என்று அவர்கள் எண்ணிச் சொன்னார்கள்: சதுரங்கம், கலீலா வ திம்னா கதைகள், ஒன்பது இலக்கங்கள். கலீலா வ திம்னா என்பது இப்னுல் முகஃப்பஃ அரபுக்குக் கொண்டுவந்த பஞ்சதந்திரம். அல் பீரூனி பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதியபோது, அங்கே நான்கு பேர் பகடை உருட்டி ஆடும் சதுரங்கத்தையும் விரிவாகக் குறித்து வைத்தார்.

வாங்கியதை வாங்கியது என்று சொல்வதற்கு அவர்கள் கூச்சப்படவில்லை. அந்த நேர்மை அவர்களுடைய அறிவைக் குறைக்கவுமில்லை. நாம்தான் இன்று மேடையில் ஒரு 'முதல்' இல்லாவிட்டால் பெருமை இல்லை என்று நினைக்கிறோம். அல் அத்லீ செய்ததைச் செய்ததாகச் சொன்னாலே போதிய பெருமை இருக்கிறது: முழுப் பலகையிலும் குதிரையை நடத்தி அதை எழுதி வைத்தார். அதற்கு மேல் நான் ஏற்றியது எனது சொந்தச் சரக்கு.

ஹமில்டனுக்கு எப்படிப் பெயர் வந்தது?

ஐரோப்பாவில் இந்தக் குதிரையைக் கணித முறையில் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஒயிலர். 1736இல் கோனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து உலாவ முடியாது என்று நிறுவியவர் அவர்தான். 1759இல் குதிரைச் சுற்றைப் பற்றியும் கட்டுரை எழுதினார். இரண்டு கேள்வியும் ஒரே முகமாகத் தெரியும், உள்ளே வேறு. பாலக் கேள்வியில் கோடுகளை ஒவ்வொரு முறை கடக்க வேண்டும். குதிரைக் கேள்வியில் புள்ளிகளை ஒவ்வொரு முறை தொட வேண்டும்.

1850களின் நடுவில் இங்கிலாந்தின் லங்காஷயரில் பாதிரியாராக இருந்த கேர்க்மன், பல தட்டை முகங்களைக் கொண்ட திண்மங்களை எடுத்து, அவற்றின் விளிம்பு வழியே எல்லா உச்சிகளையும் ஒவ்வொரு முறை தொட்டுத் திரும்ப முடியுமா என்று பொதுவாகக் கேட்டார். கேள்வியை ஒரு பலகைக்கு மட்டுமல்லாமல் பல உருவங்களுக்கும் உரியதாக விரித்தவர் அவர். 1857இல் டப்ளினில் ஹமில்டன் தமது விளையாட்டைக் காட்டினார். ஐங்கோண முகங்கள் பன்னிரண்டு கொண்ட திண்மம் ஒன்றின் இருபது உச்சிகளுக்கும் நகரங்களின் பெயர். எல்லாவற்றையும் ஒரு முறை சுற்றி வர வேண்டும். பிரசல்ஸில் தொடங்கி சன்சிபார் வரையான அந்தப் பட்டியலில் டெல்லியும் உண்டு, காஷ்மீரும் உண்டு. ருத்ரடரின் ஊர் அங்கே வெறும் ஒரு புள்ளியாக நிற்கிறது. விளையாட்டின் உரிமையை 25 பவுணுக்கு விற்றார்கள். 1859இல் கடைக்கு வந்தது, விலைபோகவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆகவே கேர்க்மனுக்கும் அநீதிதான். பெயர் சூட்டல் எப்போதும் முதலில் வந்தவருக்குக் கிடைப்பதில்லை. அதற்காக ஹமில்டனின் பெயரைத் தட்டிப் பறித்து அத்லீயின் தலையில் சூட்டுவதும் திருத்தமாகாது. கேர்க்மன் கேட்டது, பல திண்மங்களுக்கும் பொருந்தும் பொதுக் கேள்வி. அத்லீயும் ருத்ரடரும் செய்தது, ஒரு குறித்த பலகையில் ஒரு குறித்த வழியைக் கண்டுகாட்டியது. இரண்டும் பெரிய காரியம். இரண்டும் ஒரே காரியம் அல்ல.

வழி உண்டா என்று எப்படி அறிவது?

இங்கேதான் இந்தக் கதை இன்னும் முடியாமல் இருக்கிறது. ஒயிலரின் பாலக் கேள்விக்கு விடை காண எண்ணத் தெரிந்தால் போதும். எல்லா இடமும் தொடர்புபட்டிருக்கும்போது, ஒற்றை எண்ணிக்கையில் கோடுகள் சேரும் புள்ளிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் வழியில்லை, இல்லாவிட்டால் உண்டு. புள்ளிகளை ஒவ்வொரு முறை தொடும் கேள்விக்கு அப்படி ஓர் எளிய அளவுகோல் இதுவரை இல்லை.

எல்லா ஒழுங்கையும் எழுதிப் பார்த்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். இருபது ஊரை வரிசைப்படுத்த 2,432,902,008,176,640,000 விதம் உண்டு. செக்கனுக்கு நூறு கோடி வரிசையைப் பார்க்கும் கணினிக்கும் சுமார் 77 வருடம் பிடிக்கும். இதைவிடக் கெட்டித்தனமான முறைகள் உண்டு. ஆனால் ஊர்கள் கூடக்கூட அவையும் திணறும். 1972இல் அமெரிக்கக் கணினியியலாளர் கார்ப் வெளியிட்ட 21 கடினமான கேள்விகளின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. அவற்றில் எந்த ஒன்றுக்கும் விரைவான பொது முறை கிடைத்தால் இருபத்தொன்றுக்கும் கிடைத்துவிடும். இன்றுவரை எவரும் கண்டதில்லை. முடியாது என்று நிறுவியதுமில்லை. விந்தை என்னவென்றால், கண்டுபிடிப்பதுதான் கடினம், சரிபார்ப்பது எளிது. வழியை யாராவது எழுதித் தந்தால் விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிடலாம். ருத்ரடரின் பாட்டு அப்படிப்பட்ட எழுத்து. வாசித்து முடித்தவனே சாட்சி.

பொது முறை இல்லாவிட்டாலும் சில அடையாளங்கள் உதவும். ஓர் ஊருக்குப் போக ஒரே ஒரு வழிதான் என்றால், அந்த ஊரைச் சேர்த்துச் சுற்றி வர முடியாது. போனவன் வந்த வழியே திரும்ப வேண்டும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் டிராக் 1952இல் ஓர் உறுதியைத் தந்தார்: குறைந்தது மூன்று புள்ளிகள் இருந்து, ஒவ்வொரு புள்ளியும் மொத்தப் புள்ளிகளில் பாதிக்குக் குறையாதவற்றோடு இணைந்திருந்தால் சுற்று நிச்சயம் உண்டு. ஆனால் குதிரைக்கு இது உதவாது. 64 கட்டத்தில் பாதி 32. நடுவில் நிற்கும் குதிரைக்கே எட்டு வழிதான். மூலையில் நின்றால் இரண்டு. டிராக்கின் கணக்குக்கு எட்டாத பலகையில், தொடங்கிய கட்டத்துக்கே திரும்பும் சுற்றுகள் 26 இலட்சம் கோடிக்கு மேல் இருக்கின்றன.

அவற்றில் ஒன்றைக் கையால் பிடிக்க 1823இல் வார்ன்ஸ்டோர்ஃப் ஓர் உபாயம் சொன்னார். அடுத்துப் போகக்கூடிய கட்டங்களில், எதிலிருந்து வெளியேற மிகக் குறைந்த வழி இருக்கிறதோ அதற்கு முதலில் போ. வழி நிறைந்த நடுக் கட்டங்களை எப்போதும் எட்டலாம்; மூலையில் கிடக்கும் கட்டத்தைத் தள்ளிப்போட்டால் பிறகு அதை எட்ட முடியாது. இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு எனது வகுப்பில் பலர் ஒரே பாடவேளையில் 64ஐயும் முடித்தார்கள். அதற்கு முன்னர் ஐம்பதைத் தாண்டியவர் சிலர்தான்.

இன்னோர் அடையாளம் நிறம். குதிரை வெள்ளைக் கட்டத்தில் நின்றால் அடுத்த அடி கறுப்பில்தான் விழும், கறுப்பிலிருந்து வெள்ளைக்குத்தான். ஒரே நிறத்தில் அதற்கு இரண்டு அடி வைக்க முடியாது. ஆகவே வீடு திரும்பும் சுற்றுக்கு இரண்டு நிறமும் சரி சமனாக இருக்க வேண்டும். ஐயைந்து இருபத்தைந்து கட்டப் பலகையில் ஒரு நிறம் 13, மற்றது 12. அங்கே முழுவதையும் நடக்கலாம், ஆனால் தொடங்கிய இடத்துக்குத் திரும்பவே முடியாது. ஒரு கட்டத்தையும் முயன்று பார்க்காமல் இதைச் சொல்லிவிடலாம். சில திண்மங்களுக்குச் சுற்று இல்லை என்று கேர்க்மன் காட்டியதும் இதே மாதிரியான நியாயத்தால்தான்.

இதை விளக்கியபோது பின்வாங்கில் இருந்த ஒருவன் எழும்பி, "சேர், இது நம்மட கல்முன ரோட்டு மாதிரி" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சொன்னது சரிதான். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒரு முஸ்லிம் ஊர், ஒரு தமிழ் ஊர், இடையில் இருவரும் கலந்த ஊர் என்று மாறி மாறித்தான் வருகிறது. பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று நமது பெரியவர்கள் சொன்னது இதைத்தான். 1990க்குப் பிறகு பக்கத்து ஊரைத் தாண்டப் பயந்து, சுற்றிப் போனதும் போகாமலே இருந்ததுமான காலத்தை நான் சிறுவனாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஜனாஸாக்களும் பிணங்களும் விழுந்த காலம் அது. அந்தப் பையனுக்கு அது தெரியாது. நான் வகுப்பில் விரிக்கவுமில்லை. ஒரு நிறத்தில் மட்டும் கால் வைத்து இந்தப் பலகையை முடிக்க முடியாது என்பதை அவனே கணக்காகக் கண்டுகொண்டான், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

நமது வரலாற்றை எழுதுவதிலும் இதே கணக்கு இருக்கிறது. பக்தாதை மட்டும் எழுதினால் ஷத்ரஞ்ச் என்ற சொல்லுக்கே விளக்கம் கிடைக்காது. காஷ்மீரை மட்டும் எழுதினால் முழுப் பலகையில் குதிரையை நடத்திய அரபுச் சுவடிகள் விடுபடும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரியும் தமிழ்ப் பண்டிதருமாக இருந்து, 1947இல் யாழ் நூலைத் தந்தார். பழந்தமிழ்ப் பாட்டையும் சுரக் கணக்கையும் ஒரே மேசையில் வைத்தார். அந்த மாதிரி மேசை நமது பாடசாலைகளில் இல்லாததால்தான், சித்திரகவி படித்த எனக்குக் கணிதம் தெரியவில்லை; கணிதம் படித்தவர்களுக்குச் சித்திரகவி தெரியவில்லை.

மாஸ்டரைப் போன நோன்புப் பெருநாளைக்கு அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். படித்ததைச் சொன்னேன். அந்தப் பந்தியை மாற்றி எழுதியிருக்கிறேன் என்று தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "இப்ப சரி தம்பி. கைதட்டல் கொஞ்சம் குறையும்" என்றார். இனி எந்த மாணவனுக்குப் பேச்சு எழுதினாலும் அந்த இடம் இப்படித்தான் இருக்கும்:

"சதுரங்கம் இந்தியாவில் பிறந்து, பாரசீகம் வழியாக அரபு உலகை அடைந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ருத்ரடர் அரைப் பலகையில் குதிரையை நடத்திப் பாட்டாக எழுதினார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த பக்தாதின் அல் அத்லீயின் பெயரில் முழுப் பலகையின் சுற்று ஒன்று வழங்குகிறது. ஆயிரம் வருடத்துக்குப் பின்னர் கேர்க்மன் அதே வகைக் கேள்வியைப் பல திண்மங்களுக்கும் பொதுவாக்கினார்; ஹமில்டன் அதை ஒரு திண்மத்தில் விளையாட்டாக்கினார். வழி உண்டா இல்லையா என்று விரைவாக அறியும் முறையை இன்னும் எவரும் கண்டதில்லை. அதைக் காண்பவர் நம்மில் ஒருவராகவும் இருக்கலாம்."